இன்ஜின் காயும்வரை

பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் சாராள் முதலில் தப்பான பக்கம் திருப்பினாள். பேட்டரியின் மைனஸ் முனையில் இருந்த நட்டு இன்னும் இறுகிக்கொண்டது. ஜன்னலுக்கு உள்ளே, கட்டிலில், ஏசுபாதத்தின் மூச்சு இழுத்து இழுத்து வந்து நின்றது. அவள் கையும் நின்றது. மறுபடி மூச்சு கேட்டதும் ஸ்பேனரை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டுத் திருகினாள். நட்டு இளகியது. ஒயரைக் கழற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஓரமாக மடக்கி வைத்தாள்.

வாசற்படியில் நாத்தனார் ரூத் வந்து நின்றாள். ஏசுபாதத்துக்கு அக்கா. அச்சரப்பாக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்தவள், தலையில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"இன்னா சாராளு இது? உள்ள உன் புருசன் இழுத்துகினு கெடக்கறான். நீ இன்னாடான்னா காரு கழுவிகினு கீற. ஊரு இன்னா பேசும்?"

"ஊருக்கு ஆளுக்கொரு டீ குடுங்கக்கா. குடிச்சிட்டுப் பேசட்டும்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

"அவருதான் கேட்டாரு" என்றாள் சாராள். தலையை பானெட்டுக்குள் குனிந்தபடியே சொன்னாள்.

அது உண்மைதான். நேற்று சாயங்காலம் ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போயிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது அப்போதுதான். நுரையீரல் இரண்டிலும் நீர். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கூடவே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வந்தது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு சாரா" என்றார் ஏசுபாதம். "ஒருவாட்டி கேட்டுட்டு..."

கேட்டுவிட்டு என்ன என்பதை அவர் முடிக்கவில்லை. மாஸ்க்கை மூக்கில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி விலக்கினார்.

"அப்புடியே பண்ணிடாத. எலி கூடு வெச்சிருக்கும். எண்ணெ கசிஞ்ச எடத்துல சருகு கெடந்தா நெருப்பு புடிச்சிக்கும். கழுவி, காயவுட்டு, அப்பால பண்ணு."

அதற்குள் இருட்டிவிட்டது. விடிந்ததும் சாராள் வெளியே வந்துவிட்டாள்.

வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பு. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் ஏசுபாதம் டிரைவராக இருந்தபோது, அங்கே சவுக்குத் தோப்பு ஓரமாக அது மக்கிக்கொண்டு கிடந்தது. முதலாளி மகனோடு இருக்க வெளிநாடு போனபோது, இரும்புக் கடைக்குப் போடுவதற்குப் பதில் நீயே வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சிநேகிதர் கண்ணாயிரம் தன் லோடு ஆட்டோவில் கயிறு கட்டி, கடற்கரைச் சாலை முழுக்க இழுத்து வந்து, சதுரங்கப்பட்டினத்தில் இந்த வாசலில் விட்டார். அன்றைக்குத் தெருவே கூடி நின்றது. விளக்கு இரண்டும் உள்ளே புதைந்திருந்தன. சுவிட்சைப் போட்டால் கண் திறப்பதுபோல் மேலே எழும்பும் என்றார் ஏசுபாதம். போட்டுக் காட்டினார். ஒன்றுதான் எழும்பியது. பிள்ளைகள் அதற்கு அப்போதே தவளை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"மூணு பேரு கீறோம், ரெண்டு சீட்டு கீது. யாரு நடந்து வர்றது?" என்று சாராள் கேட்டாள்.

"ஆல்வின உன் மடியில வெச்சிக்க."

"அவன் பெரியவனானா?"

"அப்ப அவன் பொண்டாட்டி மடியில குந்திக்கட்டும்."

ஓட்டுகிற நிலைக்கு அதைக் கொண்டுவர அவருக்குப் பல வருஷம் பிடித்தது. கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்று எதையும் விடாது. ஜன்னல் கம்பி, கேட்டு, சைக்கிள் எல்லாம் இரண்டு மழைக்குள் உரிந்துவிடும். அதனால் சனிக்கிழமை தவறாமல் பானெட்டைத் திறந்து, துடைப்பதைத் துடைத்து, மாதத்துக்கு ஒருமுறை இன்ஜினைக் கழுவுவார். கழுவி முடித்து ஸ்டார்ட் செய்துவிட்டு, இன்ஜினைப் பார்க்க மாட்டார். வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். கதவை மாட்டி வைக்கிற இரும்புக் கொக்கி, வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது லேசாக நடுங்கும். கடகடவென்று அடித்தால் ஏதோ சரியில்லை. சன்னமாக, ஒரே சீராக ஆடினால் சந்தோஷம்.

"கொக்கி சொல்லிடும்" என்பார்.

கழுவுகிற வேலையில் சாராளுக்கென்று ஒரு பங்கு இருந்தது. கவர் போடுவது. அவள் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறவள். புத்தகத்துக்கு அட்டை போட்டுப் போட்டுப் பழகிய கை. தண்ணீர் போகக்கூடாத இடங்களையெல்லாம் பிளாஸ்டிக் கவரால் மூடி, அவருடைய கிழிந்த வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து அவள்தான் கட்டுவாள். ரப்பர் பேண்டு கூடாது, அறுந்து பெல்ட்டுக்குள் விழுந்துவிடும். கலர்த் துணியும் கூடாது. வெள்ளைத் துணிதான், அப்போதுதான் கழற்றும்போது ஒன்றும் கண் தப்பாது. கட்டினவளே அவிழ்க்க வேண்டும் என்பதும் அவருடைய சட்டம்.

மற்ற வேலைகளை அவள் பார்த்திருக்கிறாளே தவிரச் செய்ததில்லை. இன்று எல்லாம் அவள்தான்.

முதலில் சருகு. சவுக்கு ஊசியும் தேங்காய் நாரும் அள்ள அள்ள வந்தன. பேட்டரிக்குப் பின்னால் எலி ஒன்று பஞ்சும் காகிதமும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. கையை விட்டு எடுத்தபோது கூடு முழுசாக வந்தது. அதில் ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் துண்டு ஒன்று மினுங்கியது. எலி அதை எப்போது வீட்டுக்குள் வந்து எடுத்துப் போயிற்றோ. இப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் சூடேறிய மறு நிமிஷம் எரிந்திருக்கும்.

மகன் ஆல்வின் வந்து பைக்கை நிறுத்தினான். படாளத்துக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பைக்கில் பின்னால் சின்னப் பம்ப்பு மெஷினும் துப்பாக்கிக் குழாயும் கட்டியிருந்தன.

"தள்ளும்மா. கன்னு அடிச்சா ரெண்டே நிமிசம்."

"வேணாம்."

"அப்பா நெலமய பாத்தியா இல்லியா? நீ இத பிரஷ்ல தேச்சி முடிக்கறதுக்குள்ள..."

சாராள் பைக்குக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பழைய வண்டிடா. ஒயரெல்லாம் வெடிச்சிருக்கு. அந்த ஃபோர்ஸ்ல அடிச்சா தண்ணி எங்க போகும்னே தெரியாது. அப்புறம் ஸ்டார்ட்டே ஆவாது. உங்கப்பா உன் கன்ன இந்த வாசலுக்குள்ள வுட்டுருக்காரா?"

"கேட்டு வரைக்கும் வுட்டுருக்காரு" என்றான் ஆல்வின். சிரிப்பு வரப்பார்த்து, வாய் கோணிக்கொண்டது. மெஷினைப் பைக்கிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான். அவனுடைய மனைவி திவ்யா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடித்திருந்தாள். இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொள்வது கேட்டது.

சாராள் அலமாரியிலிருந்து அவருடைய வேட்டியை எடுத்து வந்தாள். கிழிந்த வேட்டி ஒன்றும் இல்லை. இருந்தது ஆலயத்துக்குக் கட்டிப்போகிறது. ஓரத்தைப் பல்லில் கடித்துக் கிழித்தாள்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மருந்துக்கடைக் கவர். ஆல்டர்னேட்டருக்கு ரொட்டிக் கவர். ஃப்யூஸ் பெட்டிக்கு ஸ்கேன் படம் வந்த பெரிய உறை. படத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உறையை மட்டும் கொண்டுவந்தாள். காற்று இழுக்கிற குழாயின் வாய்க்குப் போட வேறு ஒன்றும் கிடைக்காமல், மீன் வாங்கின கறுப்புக் கவரை மாட்டி, நீளமான நாடாவாகப் பார்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து செடிக்கு அடிக்கிற தெளிப்பானில் ஊற்றி, கீழிருந்து மேலாகத் தெளித்தாள். பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்தாள். பிரஷ் போகாத சந்துக்குப் பல் துலக்குகிற பிரஷ். கறுப்பாய் வழிந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். நடுநடுவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போய், பஞ்சில் தண்ணீர் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார். நகத்துக்குள் இருந்த கறுப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆச்சா?" என்றார் ஒருமுறை. சத்தம் வரவில்லை, உதடுதான்.

"ஆயிகினே கீது. மேல் மூடி தேக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதில் ஒரு நிம்மதி இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

வெளியே வந்து இன்ஜினின் மேல் மூடியைத் தேய்த்தாள். அலுமினியம் வெளுத்து வந்தது. எழுத்துகள் தெரிந்தன. அதற்கப்புறமும் தேய்த்தாள்.

ஆல்வின் பின்னால் வந்து நின்றிருந்தான். "அது க்ளீனாயிடுச்சிம்மா."

"இல்ல. இன்னும் கீது."

"எங்க?"

அவள் சுத்தமான இடத்தையே மறுபடி பிரஷ்ஷால் சுற்றினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கெட்டை எடுத்துப்போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்து அவள் காலடியில் வைத்தான்.

அவள் தெளிப்பானால் அலசி, துணியால் துடைக்க, காற்று அடிக்கிற பம்ப்பால் மூலைமுடுக்கில் நின்ற தண்ணீரை ஆல்வின் ஊதித் தள்ளினான். வெயில் மதில் தாண்டி வாசலுக்கு இறங்கியிருந்தது. வண்டியை இரண்டு பேருமாக வெயிலுக்குத் தள்ளி, பானெட்டை அகலத் திறந்து வைத்தார்கள்.

"இப்ப ஒருவாட்டி போட்டுப் பாத்துரலாமாம்மா? மேலுக்கு காஞ்சாப்பல தான் கீது."

"காயட்டும். அவசரப்பட்டா ஷார்ட் ஆயிடும்னு சொல்லுவாரில்ல?"

"சொல்லுவாரு" என்றான் ஆல்வின்.

இனி செய்ய ஒன்றும் இல்லை. காலையிலிருந்து முதல்முறையாகச் சாராளுக்குக் கை சும்மா இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். திவ்யா எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். ரூத் கால்மாட்டில் உட்கார்ந்து, பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு வசனங்களை மனப்பாடமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாகக் கழுவின இன்ஜினின் வாசனை, சோப்பும் எண்ணெயும் ஈரமும் கலந்து வந்தது.

சாராள் அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. ஏசுபாதம் கண் திறந்தார். முதலில் அவளை, பிறகு ஜன்னலை.

"காஞ்சிச்சா?"

இந்த முறை சத்தம் வந்தது. ரூத்கூடத் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம். வெயில் இப்பதான் வந்துது."

அவர் தலையை அசைத்தார். சரி என்பது போலிருந்தது. அல்லது அவள் செய்தது சரி என்பது போல். அப்புறம் மூச்சு ஒன்று நீளமாக வந்தது. அடுத்ததற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். மதில்மேல் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. சிலிண்டரில் மட்டும் புஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. ஆல்வின் வந்து, குனிந்து பார்த்து, கைநீட்டி அதை மூடினான்.

ரூத் அழுதபடியே எழுந்தாள். ஆனாலும் இதில் கை தேர்ந்தவள். தாய், தகப்பன், புருஷன் மூன்று பேருக்கும் சாவில் தாடை கட்டியவள். கண்ணை மூடிவிட்டாள். கையை நேராக்கினாள்.

"ஒரு வெள்ளத் துணி குடு சாராளு. சீக்கிரம். தாட எறங்குது, வெறச்சிடுச்சின்னா வாய் தொறந்தாப்பலயே நின்னுடும்."

சாராள் அலமாரியிடம் போனாள். வேட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றாள். வீட்டில் வேறு துணி இல்லாமலா போயிற்று? துப்பட்டி இருந்தது, தலையணை உறை இருந்தது. அவள் கால் வாசலுக்குப் போயிற்று. திறந்த பானெட்டுக்குள் வெள்ளை நாடாக்கள் காய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. கைக்கு முதலில் எட்டிய நீளமான நாடாவை முடிச்சவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரூத் அதை முகர்ந்து பார்த்தாள். "ஐயே, எண்ணெ நாத்தம் அடிக்குதே. வேற குடு."

"அவருக்குத் தெரிஞ்ச வாசனதான்" என்றாள் சாராள். அவளே தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுவந்து முடிந்தாள். கையை எடுக்காமல் முடிச்சின்மேலேயே வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் ரூத் சாத்திய ஜன்னல் அன்று முழுக்கத் திறக்கவில்லை. ஐஸ் பெட்டி வந்தது. ஷாமியானா வந்தது. நாற்காலிகள் வந்தன. வருகிறவர்கள் எல்லோரும் திறந்த பானெட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தார்கள். ரூத் ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

"வண்டி சத்தம் கேக்கணும்னான். கேக்காமலே பூட்டான். காலையில போட்டிருந்தா கேட்டிருப்பான்."

குற்றமாகச் சொல்லவில்லை. துக்கத்தில் சொல்கிற ஒரு வரியாகத்தான் சொன்னாள். ஆனால் சாராள் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டாள். இரண்டு நிமிஷம் என்று ஆல்வின் சொன்னதும் ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆல்வின் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆலயத்தின் சவ வண்டி வந்தது. கேட்டுக்கு நேராகக் கார் நின்றதால் பின்பக்கமாக உள்ளே வர முடியவில்லை. ஆல்வின் சாராளிடம் வந்து குனிந்தான்.

"வண்டிய ஓரங்கட்டணும்மா. கவருங்கள எடுத்துடவா?"

"எடு" என்றாள். கட்டினவளே அவிழ்க்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. "வெள்ளத் துணி எங்கெல்லாம் கட்டியிருக்கோ அங்கெல்லாம் எடுத்துடு."

அவன் எடுத்தான். பேட்டரி ஒயரை மாட்டினான். பானெட்டைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் சுற்றியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் ஒருமுறை குமுறி, அடங்கியது. மறுபடி திருகினான். அதே குமுறல். துக்கத்துக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அந்தக் குமுறலும் இல்லை.

கண்ணாயிரம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"வுடு ஆல்வினு. அது எடுக்காது. வாயில்லா வண்டிக்கே தெரிஞ்சிருக்கு பாரு, மச்சான் இல்லன்னு. இழுத்துகினு வந்தவன் நானு. தள்ளுறதும் நானே தள்ளிட்டுப் போறேன். கைய குடுங்கப்பா."

நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். அதற்குள் செய்தி ஷாமியானா முழுக்கப் போய்விட்டது. அவர் மூச்சோடு வண்டி மூச்சும் போயிற்றாம். பெண்கள் இரண்டு பேர் அதைச் சொல்லிப் புதிதாக அழுதார்கள். பாஸ்டர்கூட ஜெபத்தில், அவர் நேசித்த வாகனமும் மௌனமாகிவிட்டது ஆண்டவரே என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஆல்வின் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். ஒயர் எங்காவது நனைந்திருக்கும் என்று மெக்கானிக் பேச்சு அவன் வாயில் இருந்தது. சொல்கிற இடம் அதுவல்ல.

பெட்டியை மூடுமுன் ரூத் தாடைக் கட்டை அவிழ்த்தாள். வாய் நன்றாக மூடியிருந்தது, தூங்குகிறவர் முகம். நாடாவைச் சுருட்டி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சாராளின் கையில் திணித்தாள். சாராள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோதும் அது அங்கேயே இருந்தது. திரும்பி வந்து குளித்து வேறு புடவை மாற்றிய பிறகு, எப்படியோ கைமாறி அவள் தலையணைக்கு அடியில் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை வீட்டில் எல்லோரும் கிடந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்வின் சுவரோரம், திவ்யா பாயில். ரூத் கட்டிலின் கால்மாட்டில் ஒருக்களித்து, பைபிளுக்குள் விரலை வைத்தபடி. சாராள் தலையணையைத் தூக்கினாள். நாடா இருந்தது. எடுத்து விரலில் சுற்றினாள். ஒரு ஓரத்தில் வேட்டிக் கரை இருந்தது, இன்னொரு ஓரத்தில் அவள் பல் பட்ட தடம். துணியில் இரண்டு இடத்தில் வளைவாக மடிப்பு விழுந்திருந்தது. ஒன்று தாடைக்கு. இன்னொன்று அதைவிடச் சின்ன வட்டம், இரண்டு சுற்று. அவள் சுற்றினது.

எதைச் சுற்றினோம் என்று யோசித்தாள்.

கார் தெருவில் மதிலோரம் நின்றது. ராத்திரிப் பனியும் உப்பும் கண்ணாடியில் படிந்திருந்தன. பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. மேல் மூடி பளிச்சென்று இருந்தது. காற்று இழுக்கிற கறுப்புக் குழாயின் வாயில், கறுப்பாகவே, மீன் கவர் உள்ளே இழுபட்டு ஒட்டிப்போய், ஒரு உள்ளங்கை அளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாடா இல்லாமல் யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

விரலை விட்டு இழுத்தாள். கவர் நீளமாக வந்தது. கடைசியில் சின்னதாக ஒரு சத்தம். குழாய்க்குள் காற்று போயிற்று.

சாராள் கவரை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். தெருமுனையில் பால்காரர் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்து மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். இவள் பானெட்டைச் சாத்தினாள். சத்தம் வராமல் கையால் அழுத்திச் சாத்தினாள்.

ஆல்வினை எழுப்பலாம். எழுப்பி, இதுதான்டா என்று காட்டலாம். கண்ணாயிரத்திடம், வண்டிக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் மறந்தேன் என்று சொல்லலாம்.

அவள் வீட்டுக்குள் போனாள். தூங்குகிறவர்களின் காலைத் தாண்டித் தாண்டி, கட்டில் பக்கம் வந்தாள். மெத்தையை ஏற்கெனவே சுருட்டி வைத்துவிட்டார்கள். வெறும் கட்டில். முந்தாநாளிலிருந்து சாத்தியிருந்த ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் மெதுவாகத் தள்ளித் திறந்தாள். வெளிச்சம் கட்டிலின் பலகைமேல் விழுந்தது. கதவு காற்றில் ஆடாமல் கொக்கியை எடுத்து மாட்டினாள்.

ரூத் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இன்னா சாராளு? எங்க போற?"

"ஒண்ணுமில்லக்கா. படுங்க."

தெருவுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் ஓட்டுகிற பக்கம் அவள் உட்கார்ந்ததில்லை. இருக்கை தாழ்வாக, பின்னுக்குப் போயிருந்தது. அவருடைய கால் நீளத்துக்கு. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, மடித்த கவரையும் நாடாவையும் பக்கத்து இருக்கையில் வைத்தாள். சாவி அதிலேயே இருந்தது.

முதல் திருகிலேயே எடுத்துக்கொண்டது. அவள் எதையும் மிதிக்கவில்லை. அப்படியே ஓடவிட்டாள். உள்ளே யாரோ பாயிலிருந்து எழும் சத்தம், ஆல்வின் அம்மா என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. சாராள் இன்ஜினைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கேட்டு வழியே தெரிந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கி சன்னமாக, ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.